ருமேனியாவிலிருந்து ஒரு நாய்: பிரிட்டனில் தத்தெடுக்கவும் தற்காலிகமாக வளர்க்கவும் முழுமையான வழிகாட்டி

அதிகாலை 3 மணிக்கு எங்கள் தெருவில் அந்த வேன் வந்து நின்றது. ருமேனியாவில் கிளம்பி, ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜெர்மனி எல்லாம் கடந்து, பிரான்ஸின் கலேயில் கடலடிச் சுரங்க ரயிலேறி, மூன்றாம் நாள் இங்கிலாந்துக்குள் நுழைந்த வேன். ஓட்டுநர் கூண்டோடு தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். உள்ளே செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் நாய், சுமார் 18 கிலோ இருக்கும். உடம்பு அசையவில்லை, கண் மட்டும் எங்களைச் சுற்றியது. கூண்டைத் திறந்து வைத்தோம். மறுநாள் இரவு வரை அது வெளியே வரவில்லை.

மணி என்று பெயர் வைத்தோம். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது ருமேனிய நாய் அது. முதல் இரண்டையும் சில மாதங்கள் வளர்த்து வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தோம். மணியைக் கொடுக்க மனம் வரவில்லை. இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில என்னிடம் இதைப் பற்றி விசாரிப்பதால், கற்றதையெல்லாம் முறையாக எழுதி வைக்கிறேன். நான் பார்த்தவரை இந்தக் காரியம் கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான். படத்தைப் பார்த்த அன்றே பணம் கட்டுவது, சோதனை முடிவு வருமுன் சம்மதிப்பது, வந்த மறுநாளே பூங்காவுக்கு இழுத்துப்போவது. அதனால் கீழே உள்ள படிகளை வரிசையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன

1980களில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆட்சியில் ருமேனிய நகரங்களில், முக்கியமாகத் தலைநகர் புக்கரெஸ்டில், முற்றமும் தோட்டமுமாக இருந்த வீடுகளை இடித்து மக்களை அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். முற்றத்து நாய்க்கு அடுக்குமாடியில் இடமில்லை. தெருவில் விடப்பட்டவை பெருகின. 2013 செப்டம்பரில் புக்கரெஸ்டில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்கள் கடித்து இறந்தான். சில நாட்களிலேயே நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது: பிடித்துக் காப்பகத்தில் அடைத்த நாயை 14 வேலை நாட்களுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் கொல்லலாம். அந்தக் கெடுவுக்குள் நாய்களை வெளியே எடுக்கும் வேலையைத்தான் தன்னார்வ அமைப்புகள் செய்துவருகின்றன. உலகின் மிகப் பெரிய நாய்க் காப்பகம் என்று பேசப்படும் ஸ்மெயூரா, பிடெஷ்டி நகருக்கு அருகில் ஒரு பழைய நரிப் பண்ணையில்தான் நடக்கிறது. ஆயிரக்கணக்கான நாய்கள் அங்கே இருக்கின்றன.

இந்தக் கதையைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. "ருமேனிய நாய்" என்று ஒரே ரகம் கிடையாது. கிராமத்தில் சங்கிலியில் கிடந்து கைவிடப்பட்டது ஒன்று. ஊர்த் தெருவில் பத்துப் பேர் கையால் சாப்பிட்டு வளர்ந்தது ஒன்று. காப்பகத்திலேயே பிறந்து கம்பிக்கு வெளியே எதையும் பார்க்காதது ஒன்று. தெருவில் வளர்ந்தது மனிதரை அறியும், வீட்டுச் சுவரை அறியாது. காப்பகத்தில் பிறந்தது இரண்டையும் அறியாது. மூன்றாம் வகைதான் மிகக் கடினம், அழகான குட்டிப் படங்களில் அதிகம் வருவதும் அதுவே.

படி 1: முதலில் வீட்டில் பேசுங்கள்

நம் வீடுகளில் இந்தப் பேச்சு எளிதாக முடியாது. என் அம்மா ஆறு மாத விசாவில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது சொன்னது: "ஊர்ல தெருநாய்க்கு ஒரு வாய் சோறு வைப்போம், அது வாசல்லயே கெடக்கும். நீ என்னன்னா நாடு விட்டு நாடு வேன்ல வரவழைக்க!" அம்மாவுக்கு நாய் என்றால் பயம் கிடையாது, வீட்டுக்குள் நாய் என்பதுதான் ஒப்பவில்லை. பூஜை அறைக்கு ஒரு தடுப்புக் கதவு வைத்தோம், அடுப்படிக்கும் வைத்தோம். நாய் போகலாம், போகக்கூடாது என்ற இடங்களை அது வருவதற்கு முன்பே முடிவுசெய்து, எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

நாளைக்கு எத்தனை மணி நேரம் வீடு காலியாக இருக்கும்? வாரக் கடைசியில் பத்துப் பேர் வந்துபோகும் வீடா? 5 வயதுக்குக் கீழ் குழந்தை உண்டா? அடுத்த கோடையில் ஊருக்குப் போனால் ஆறு வாரம் யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பயந்த நாயை நாய் விடுதியில் விட முடியாது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்து வேலி 6 அடி உயரம், கீழே சந்தில்லாமல் இருக்க வேண்டும். நாயைக் கொடுக்கும் அமைப்பு வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பும். அனுப்பவே இல்லையென்றால் அந்த அமைப்பை விட்டு விலகுங்கள்.

இன்னொன்று. உள்ளூர்க் காப்பகங்களும் நிரம்பியே கிடக்கின்றன. வெளிநாட்டு நாயை எடுக்குமுன் இங்கிருக்கும் நாயைப் பாருங்கள் என்று பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கம் சொல்வதை நான் மதிக்கிறேன். முதல் நாய் வளர்ப்பவருக்கு அதுவே பெரும்பாலும் பொருத்தம்.

படி 2: தத்தெடுக்குமுன் ஒருமுறை தற்காலிகமாக வளர்த்துப் பாருங்கள்

ஃபாஸ்டர் என்று இங்கே சொல்வது, நிரந்தர வீடு கிடைக்கும்வரை நாயை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது. மருத்துவச் செலவை அமைப்பு ஏற்கும். உணவைச் சில அமைப்புகள் தரும், சிலவற்றில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். காப்பகக் கம்பிக்குப் பின்னால் எடுத்த முப்பது நொடி வீடியோவில் ஒரு நாயின் குணம் தெரியாது. வீட்டில் அது பூனையைப் பார்த்தால் என்ன செய்யும், தனியே விட்டால் ஊளையிடுமா, ஆண்களைக் கண்டால் நடுங்குமா என்பதை ஃபாஸ்டர் செய்பவர்தான் அறிந்து சொல்ல முடியும். தத்தெடுக்க நினைப்பவர்களும் இங்கே ஏற்கெனவே ஒரு ஃபாஸ்டர் வீட்டில் ஓரிரு மாதம் இருந்த நாயை நேரில் பார்த்து எடுத்தால், பாதிக் கவலை தீரும். படத்தை மட்டும் பார்த்து வேனிலிருந்து நேரே எடுப்பதை நான் இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

அறக்கட்டளை ஆணையத்தில் பதிவு எண் உண்டா என்று பாருங்கள். பதிவில்லாத சிறு குழுக்களிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அப்போது விசாரிக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. நான் கேட்கும் கேள்விகள் இவை:

- நாய் சரியாகப் பொருந்தாவிட்டால், அதன் வாழ்நாளில் எப்போது என்றாலும் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? இங்கே பிரிட்டனில் அதற்கு இடம் இருக்கிறதா? நாளைக்கே தேவைப்பட்டால் எந்த வீட்டுக்கு, எந்த ஊருக்குப் போகும்?
- எந்த எந்த நோய்களுக்குச் சோதனை செய்தீர்கள்? ஆய்வக அறிக்கையை அனுப்புவீர்களா?
- நாய் எந்த வழிமுறையில், யாருடைய வேனில் வருகிறது?
- இதுவரை கடித்ததுண்டா? உணவருகே போனால் என்ன செய்கிறது?
- இது எங்கே வளர்ந்தது? தாய் எப்படிப்பட்ட நாய்?

கடைசிக் கேள்வி ஏன் என்றால், கார்பேத்திய மலைப்பகுதியில் ஆட்டுமந்தையைக் காக்கும் மேய்ப்பு நாய்களின் ரத்தம் பல நாய்களில் கலந்திருக்கிறது. மூன்று மாதத்தில் கொழுகொழுவென்று "லாப்ரடார் கலப்பு" என்று விளம்பரத்தில் வரும் குட்டி, இரண்டு வயதில் 50 கிலோ எடையில் வாசலுக்கு வரும் தபால்காரரை எதிரியாக நினைக்கும் காவல் நாயாகிவிடலாம். அதன் மீது குற்றமில்லை. ஓநாயும் கரடியும் உலவும் மலையில் மந்தையைக் காப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். வரிசை வீடுகள் நெருங்கிய தெருவுக்கு அது ஒத்துவராது.

தத்தெடுப்புக் கட்டணமாக எங்களிடம் 420 பவுண்டு வாங்கினார்கள். கருத்தடை, தடுப்பூசி, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப், பயணம் எல்லாம் அதில் அடக்கம். "இன்றிரவுக்குள் பணம் கட்டாவிட்டால் நாளை கொன்றுவிடுவார்கள்" என்று உங்களை அவசரப்படுத்தும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். கெடு உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் நல்ல அமைப்பு நாயை முதலில் வெளியே எடுத்துவிட்டு, பிறகுதான் உங்களோடு பேசும்.

படி 4: ரத்தப் பரிசோதனை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டு நாய் விஷயத்தில் பின்னர் மனமுடைந்தவர்கள் பலர் இங்கேதான் கோட்டை விட்டார்கள்.

முதலாவது புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா. நாய்களில் கருச்சிதைவு, விரை வீக்கம், முதுகெலும்பு வலி தரும்; பல நாய்களில் எந்த அறிகுறியும் இருக்காது. 2020க்குப் பிறகு பிரிட்டனில் இதன் பாதிப்பு கூடியது, பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த நாய்களில். 2021 முதல் இதை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது பிரிட்டனில் முதல்முறையாக 2022இல் உறுதியானது. இதற்குத் தடுப்பூசி இல்லை. நீண்ட நாள் மருந்து கொடுத்தாலும் கிருமி முழுதாகப் போய்விட்டது என்று உறுதிசொல்ல முடியாது. அதனால்தான் தொற்று உறுதியானால் கருணைக்கொலையையும் மருத்துவர்கள் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். ஆறு மாதம் மடியில் உறங்கிய நாய்க்கு இந்தச் செய்தி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கிளம்புமுன்பே ஆய்வகத்தில் ரத்த ஊநீர்ச் (சீரம்) சோதனை செய்து, முடிவு கையில் வந்தபிறகு நாயை ஏற்றச் சொல்லுங்கள். துளி ரத்தத்தில் நிமிடங்களில் முடிவு சொல்லும் துரிதச் சோதனைப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். கிருமி உடலில் புகுந்து சோதனையில் தெரிய வாரங்கள் ஆகும் என்பதால், இங்கு வந்து மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு சோதனை செய்ய வேண்டும். வீட்டில் கர்ப்பிணிகளோ நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களோ இருந்தால், முடிவு தெரியாத நாயை எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது இதயப்புழு. கொசு பரப்பும். புழு வளர்ந்து சோதனையில் தெரிய ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். ஆகவே ஆறு மாதத்துக்குப் பின் மறுசோதனை. உண்ணி மூலம் வரும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, பபேசியா ஆகியவற்றுக்கும் சோதனை கேளுங்கள். ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ் பக்கம் இருந்து வரும் நாய் என்றால் மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸ் முக்கியம். அதற்கு மருந்துண்டு, ஆனால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும். உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பபேசியா நோய் 2016 வாக்கில் இங்கிலாந்தின் எசெக்ஸில் வெளிநாடே போகாத நாய்களுக்கும் வந்தது. வந்த நாய் மேல் உண்ணி தெரிந்தால் பிடுங்கி ஒரு சிறு குப்பியில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

படி 5: தாள்களும் பயணமும்

சட்டம் தெளிவாக இருக்கிறது. மைக்ரோசிப் முதலில், அதன் பிறகே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போடும்போது குறைந்தது 12 வார வயது. பின் 21 நாள் காத்திருப்பு. எனவே 15 வாரத்துக்குக் குறைந்த குட்டி எதுவும் ஐரோப்பாவிலிருந்து சட்டப்படி இங்கே வர முடியாது. "பத்து வாரக் குட்டி, அடுத்த வாரம் வருகிறது" என்று யாராவது சொன்னால் நாயின் பாஸ்போர்ட்டில் வயது பொய். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து, மருத்துவர் அதைப் பதிந்திருக்க வேண்டும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உரிமையாளர் தன் செல்ல நாயோடு பயணிப்பதற்கான எளிய விதிகள் தனி. உரிமை கைமாறும் நாய், பணம் வாங்காமல் கொடுத்தாலும், வணிக இறக்குமதியாகவே கருதப்படும். அதற்கு அரசு மருத்துவரின் சுகாதாரச் சான்றிதழ், அரசு இணையத் தளத்தில் முன்னறிவிப்பு, அனுமதி பெற்ற வாகனம் எல்லாம் வேண்டும். 2022இல் ருமேனியா, போலந்து, பெலாரூஸ், உக்ரைன் நாடுகளிலிருந்து வணிக இறக்குமதியைப் பிரிட்டன் சில மாதங்கள் நிறுத்தியே வைத்தது. அக்டோபர் இறுதியில் திறந்தபோது, அங்கீகாரம் பெற்ற இறக்குமதியாளர் மட்டுமே கொண்டுவரலாம் என்றது. "செல்லப்பிராணி என்று சொல்லிக் கொண்டுவந்துவிடுவோம்" என்று சொல்லும் குழுவோடு சேராதீர்கள். தாளில் குறை கண்டால் நாயை நான்கு மாதம் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். செலவும் நம் தலையில் விழும்.

சுகாதாரச் சான்றிதழில் எழுதிய முகவரிக்கே நாய் வர வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் மறுத்துவிடுங்கள். கார் நிறுத்துமிடத்தில், இருட்டில், மூன்று நாள் கூண்டில் கிடந்த நாய்க்குக் கதவு திறந்தால் அது ஓடத்தான் செய்யும்.

படி 6: நாய் வருமுன் வாங்க வேண்டியவை

கட்டிலையும் பொம்மையையும் பிறகு வாங்கலாம். முதலில் தப்பிக்க முடியாத ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் வார்க்கட்டு: கழுத்து, மார்பு, வயிற்றின் ஒடுங்கிய பகுதி என்று மூன்று இடத்தில் வார் உள்ளது. சாதாரண ஹார்னஸிலிருந்து பயந்த நாய் பின்னால் இழுத்துக்கொண்டு இரண்டு நொடியில் கழன்றுவிடும். இரண்டு கயிறு வேண்டும், ஒன்று ஹார்னஸில், ஒன்று கழுத்துப்பட்டையில். ஒன்றையாவது உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் பெயர், முகவரி பொறித்த தகடு வேண்டும். பொது இடத்தில் அது சட்டப்படி கட்டாயம். ஜிபிஎஸ் கருவி ஒன்று. வாசற்கதவுக்கு உள்ளே ஒரு தடுப்பு, ஒரு கதவு திறக்கும்போது மற்றது மூடியே இருக்கும்படி. பெரிய கூண்டு ஒன்று, மேலே போர்வை போட்டு, வீட்டின் அமைதியான மூலையில், கதவு எப்போதும் திறந்தபடி.

படி 7: முதல் இரவும் முதல் மூன்று வாரமும்

வந்ததும் குளிப்பாட்டாதீர்கள். நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உறவினரைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். தண்ணீர் வையுங்கள், வயிறு கலங்கியிருந்தால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும் சாதமும் கொஞ்சமாக வையுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமலும் சிறுநீர் கழிக்காமலும் இருக்கும் நாய்கள் உண்டு. மணி 30 மணி நேரம் அடக்கிவைத்திருந்தது. அதற்கு மேலும் நீண்டால், அல்லது தண்ணீரே குடிக்கவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நம் வீட்டுச் சத்தங்களைப் பற்றி ஆங்கில வழிகாட்டிகளில் இருக்காது. மணி வந்த இரண்டாம் நாள் குக்கர் முதல் விசில் அடித்ததும் அது சுவரோடு சுவராக ஒட்டி நின்று நடுங்கியது. மூன்றாம் விசிலில் அங்கேயே சிறுநீர் விட்டது. அதன் வாழ்க்கையில் அப்படிப்பட்ட சத்தம் இருந்ததே இல்லை. ஒரு மாதம் பருப்பைச் சாதாரணப் பாத்திரத்தில் வேகவைத்தோம். மிக்ஸியைக் கார் கொட்டகைக்கு எடுத்துப்போய் ஓட்டினோம். பிறகு குக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அது தூரத்து அறையில் கோழித் துண்டு தின்றுகொண்டிருக்கும்போது மட்டும் பழக்கினோம். இப்போது விசில் அடித்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. சத்தம் எதுவானாலும் வழி இதுதான்: முதலில் நீக்குங்கள், பிறகு தூரத்திலிருந்து, தின்பண்டத்தோடு, மெதுவாக. தீபாவளியும் பிரிட்டன் முழுக்க விடும் நவம்பர் 5 வாணவேடிக்கையும் அடுத்தடுத்து வருவதால் அக்டோபரில் நாயை வரவழைக்காமல் இருப்பது நல்லது.

பிரிட்டனில் எல்லோரும் 3-3-3 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: அதிர்ச்சி தணிய மூன்று நாள், வழக்கம் பழக மூன்று வாரம், இது என் வீடு என்று உணர மூன்று மாதம். காப்பகத்தில் பிறந்த நாய்க்கு இந்தக் கணக்கு மிகக் குறைவு. எங்கள் முதல் ஃபாஸ்டர் நாய் என் கையிலிருந்து உணவை எடுக்கவே ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் தினமும் மாலையில் நான் அதன் அறையில் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், புத்தகம் வாசித்தேன். செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

தலைக்கு மேல் கை நீட்டாதீர்கள். அதுவே வந்து முகரட்டும். மூன்று நொடி தடவிவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் அது முட்டும், வேண்டாமென்றால் நகரும். உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உறைந்து நிற்பது: இவையெல்லாம் "போதும்" என்பதன் அடையாளம். அதையும் மீறினால் உறுமும். உறுமலுக்குத் திட்டவோ அடிக்கவோ செய்தால், அடுத்த முறை உறுமாமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும். குழந்தைகள் கட்டிப்பிடிக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

சாம்பார் சாதம், ரசம் சாதம் வேண்டாம். வெங்காயம், பூண்டு நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் போடும் உலர்திராட்சை இன்னும் மோசம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கு வருகிறவர்கள் அன்பாக ஒரு வாய் ஊட்டுவதை முன்கூட்டியே சொல்லித் தடுத்துவையுங்கள்.

படி 8: வெளியே போவதும், தொலைந்துபோனால் செய்ய வேண்டியதும்

முதல் இரண்டு வாரம் தோட்டம் போதும், அங்கும் கயிற்றோடு. ஆம், வேலி இருந்தாலும் கயிற்றோடு. இரண்டாவது ஃபாஸ்டர் நாய் ஒன்பதாம் நாள், பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் இயந்திரம் கிளம்பிய சத்தத்தில், 6 அடி வேலியை ஏறிக் குதித்துப் போய்விட்டது. தோட்டம் பாதுகாப்பானது என்று நம்பி நான் கயிற்றைக் கழற்றியிருந்தேன்.

அடுத்த நான்கு நாளில் கற்றது இது. பயந்து ஓடிய நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. துரத்தக் கூடாது. அந்த நிலையில் சொந்தக்காரரின் குரல்கூட அதற்கு வேட்டைக்காரன் குரல்தான். ஊர்க்காரர்கள் நல்லெண்ணத்தோடு கூட்டமாகத் தேடக் கிளம்பினால், அது இன்னும் தூரம் ஓடும், சாலையைக் கடக்கும். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் "துரத்தாதீர்கள், கூப்பிடாதீர்கள், பார்த்தால் போன் செய்யுங்கள்" என்று எழுதுங்கள். அமைப்புக்கும், அலையும் நாய்களைக் கவனிக்கும் மாநகராட்சி அலுவலருக்கும், சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்கும், சிப் பதிவகத்துக்கும் உடனே சொல்லுங்கள். பிடிபட்ட நாயை மாநகராட்சி 7 நாள்தான் உங்களுக்காக வைத்திருக்கும். டாக்லாஸ்ட் போன்ற தன்னார்வலர் வலையமைப்பில் பதியுங்கள். கேமராவும் பொறிக்கூண்டும் கொண்டுவந்து உதவும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஓடிய இடத்தில் நீங்கள் உடுத்திய துவைக்காத துணியையும் வாசனையுள்ள உணவையும் வையுங்கள்.

எங்கள் நாய் முக்கால் மைல் தூரத்தில் ரயில்பாதையோரப் புதரில் இருந்தது. மூன்று இரவு ஒரே இடத்தில் கோழி வைத்தோம். நான்காம் இரவு பொறிக்கூண்டுக்குள் வைத்தோம். அதிகாலை 4.20க்குக் கதவு விழுந்தது. கூண்டுக்கருகில் நான் தரையில் உட்கார்ந்ததும், அது கம்பியில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டது.

நடை பழக, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் வேலியிட்ட நாய் மைதானங்கள் நல்லவை. திறந்த வெளியில் கயிறில்லாமல் விடுவதை முதல் வருடம் நினைக்கவே வேண்டாம்.

படி 9: மருத்துவர், சிப், காப்பீடு

உயிர்போகும் அவசரம் இல்லாவிட்டால் முதல் வாரம் அலைக்கழிக்காதீர்கள். ஆனால் வெளிநாட்டு நாய் என்பதைப் போனிலேயே சொல்லி வையுங்கள்; புருசெல்லா முடிவைச் சில மருத்துவமனைகள் முதலில் கேட்கும். சிப் எண்ணை பிரிட்டன் அங்கீகரித்த பதிவகத்தில் உங்கள் பெயரில் பதிய வேண்டும். ருமேனியப் பதிவு மட்டும் போதாது. காப்பீட்டை நாய் வரும் நாளிலிருந்தே தொடங்குங்கள். முன்பே தெரிந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்காது.

"நம் ஊரிலிருந்தே கொண்டுவரலாமா?"

அடிக்கடி வரும் கேள்வி இது. இந்தியாவும் இலங்கையும் வெறிநாய்க்கடி விஷயத்தில் பிரிட்டன் எளிய விதிகளோடு அனுமதிக்கும் பட்டியலில் இல்லாத நாடுகள். சிப், தடுப்பூசி, அதன்பின் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புத்திறன் சோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு, பிறகு விமானத்தில் சரக்குப் பிரிவில் பயணம். உங்களோடு வாழ்ந்த நாயை விட்டுவர முடியாதவர்களுக்கு இது செய்யக்கூடியதே. கனடாவில் இருப்பவர்களைப் பொறுத்தவரை, தத்தெடுப்புக்காக அங்கே நாயை அனுப்ப முடியாது. 2022 செப்டம்பர் 28 முதல் இந்தியா, இலங்கை உட்பட வெறிநாய்க்கடி அபாயம் அதிகமுள்ள நாடுகளிலிருந்து தத்தெடுப்புக்கும் ஃபாஸ்டருக்கும் நாய் கொண்டுவருவதைக் கனடா தடைசெய்திருக்கிறது. தெருநாய்க்கு உதவ நினைப்பவர் அந்தப் பணத்தை ஊரிலேயே கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொடுத்தால் எத்தனையோ நாய்க்குப் பயன்படும். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இந்த வேலையை 1960களிலிருந்து செய்துவருகிறது.

படி 10: ஒத்துவராதபோது

மூன்று மாதம் முயன்றும் வீட்டில் யாராவது பயத்தோடு நடமாடினால், அல்லது நாய் ஒளிந்த இடத்தைவிட்டு வராமல் மெலிந்தால், அமைப்பிடம் உடனே சொல்லுங்கள். தண்டனை முறையில்லாத பயிற்சியாளர் ஒருவரை அழைத்துப் பாருங்கள். அதற்கும் பலனில்லையென்றால் திருப்பிக் கொடுப்பதில் வெட்கமில்லை. இணையத்தில் விளம்பரம் போட்டு முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதுதான் தவறு. ஒப்பந்தமும் அதைத் தடுக்கும்.

படி 11: ஃபாஸ்டர் நாயை வழியனுப்புதல்

புதிய குடும்பம் ஒரே முறை வந்து எடுத்துப்போகக் கூடாது. குறைந்தது மூன்று முறை வரட்டும். மூன்றாம் முறை அவர்கள் கையால் கயிற்றைப் பிடித்து நடக்கட்டும். நாய் போகும் முந்தின வாரம் அதன் படுக்கை விரிப்பைத் துவைக்காதீர்கள், அதை அப்படியே உடன் அனுப்புங்கள். சாப்பிடும் உணவை இரண்டு வாரத்துக்கு வாங்கிக் கொடுங்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு எழும், எந்தச் சத்தத்துக்கு ஒளியும், எந்தக் காதுக்குப் பின்னால் தடவினால் பிடிக்கும், எந்தச் சொல்லுக்கு வாலாட்டும்.

வேலி தாண்டிய நாய் இப்போது டெவனில் இருக்கிறது. அதன் தாளில் நான் முதலில் எழுதியது, "தோட்டத்திலும் கயிற்றைக் கழற்ற வேண்டாம்." கடைசியில் எழுதியது, "'வா கண்ணு' என்றால் வரும், ஆங்கிலத்தில் கூப்பிட்டால் தெரியாது." அந்த வீட்டு அம்மா அன்று மாலையே போன் செய்து, அந்த இரண்டு சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார்.